வழக்கம் தசையான கதை: ஒரு சொல்லின் பழைய வரலாற்றை வீட்டிலிருந்தே தேடும் முறை

ஈரோட்டில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, சென்ற மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு போனில் கூப்பிட்டாள். "அப்புச்சி, ஜூலியஸ் சீசர் நாடகத்தில் தியூஸ் (thews) என்று ஒரு சொல் வருகிறதுங்க. பாடக்குறிப்பில் தசை, நரம்பு என்று போட்டிருக்கிறார்கள். பெரிய அகராதியில் பார்த்தால் அதே சொல்லுக்கு முதல் பொருள் வழக்கம் என்று இருக்கிறது. வழக்கத்துக்கும் தசைக்கும் என்னங்க சம்பந்தம்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் அதே நாடகத்தைப் படித்தபோது, அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் 'தசை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனவன் நான். அதன் பிறகு முப்பத்து நான்கு வருடங்கள் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சொல்லை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அன்றிரவு எனக்கு உறுத்தியது. "காலையில் காங்கேயம் பஸ் ஏறி வா அம்மிணி, உட்கார்ந்து பார்த்துவிடலாம்" என்றேன்.

அவள் வந்து தங்கிய மூன்று நாளில் நாங்கள் செய்ததையே இங்கே எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்லோ தமிழ்ச் சொல்லோ, எதன் வரலாற்றைத் தேடினாலும் இந்த முறை கைகொடுக்கும். கொஞ்சம் காகிதம், இணையம் உள்ள ஒரு போன், அவசரப்படாத மனசு இருந்தால் போதும்.

சீட்டு நறுக்குங்கள்

முதலில் காகிதத்தைச் சீட்டுச் சீட்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அரிசி ஆலையின் பழைய பில் புத்தகங்கள் கிடந்தன, பின்பக்கம் வெள்ளை. உள்ளங்கை அகலத்துக்கு அறுபது சீட்டு நறுக்கினோம். நோட்டுப் புத்தகத்தில் எழுதாதீர்கள். நோட்டில் எழுதியது எழுதிய வரிசையிலேயே கிடக்கும். சீட்டைக் கலைக்கலாம், கால வரிசையில் அடுக்கலாம், நடுவில் புதிதாக ஒன்றைச் செருகலாம். சொல்லின் வரலாறு என்பது அந்த அடுக்கில்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு சீட்டில் ஒரே ஒரு வாக்கியம். மேலே சொல், நடுவில் அது வரும் முழு வாக்கியம், கீழே நூலின் பெயரும் ஆண்டும். கடைசியில், அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை உங்கள் சொந்தச் சொல்லில், பென்சிலால். பேனாவால் வேண்டாம். எங்கள் சீட்டுகளில் பாதிக்கு மேல் பொருளை அழித்து எழுத வேண்டி வந்தது.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி முழுவதும் இப்படித்தான் உருவானது. 1879இல் ஆசிரியர் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் முர்ரே, புத்தகம் படிக்கும் பொதுமக்களிடம் வாக்கியங்களைச் சீட்டில் எழுதி அனுப்பச் சொன்னார். லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, சுவர் நெடுகப் புறாக்கூடு போல அறைகள் அடித்து, அவற்றில் சீட்டுகளை அடுக்கினார். முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. வேலை முடிந்தது 1928இல். முர்ரே 1915லேயே காலமாகிவிட்டார். ஆனால் 'டி' (T) எழுத்துச் சொற்களை அவரே தொகுத்தார். ஆகவே எங்கள் தியூ அவர் கைபட்ட சொல். அதைச் சொன்னதும் பேத்தி தன் சீட்டுகளைத் தட்டி நேராக அடுக்கிக்கொண்டாள்.

கையில் இருக்கும் வாக்கியத்தில் தொடங்குங்கள்

அகராதியை உடனே திறக்காதீர்கள். நீங்கள் சொல்லைச் சந்தித்த வாக்கியத்தை முதலில் நன்றாகப் படியுங்கள். எங்கள் வாக்கியம் சீசர் நாடகத்தின் முதல் அங்கம், மூன்றாம் காட்சியில் இருக்கிறது. இடியும் மின்னலுமான இரவில் காசியஸ் பேசுகிறான்: இன்றைய ரோமானியருக்கும் முன்னோரைப் போலவே தியூஸும் கைகால்களும் இருக்கின்றன, ஆனால் நம் தந்தையரின் மனம் செத்துப்போயிற்று.

அடுத்து, அதே ஆசிரியர் அந்தச் சொல்லை வேறு எங்கே பயன்படுத்தினார் என்று பாருங்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடினால் இன்னும் இரண்டு இடம் அகப்படும். ஹாம்லெட்டில் லேயர்டிஸ் தங்கையிடம் சொல்கிறான்: வளரும் உடம்பு தியூஸிலும் பருமனிலும் மட்டும் வளர்வதில்லை; இந்தக் கோயில் பெரிதாகும்போது உள்ளே மனமும் ஆன்மாவும் செய்யும் ஊழியமும் கூடவே விரிகிறது. நான்காம் ஹென்றி இரண்டாம் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் படைக்கு ஆள் எடுக்கும்போது சொல்கிறான்: ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எனக்கே சொல்லித்தருகிறீர்களா? கைகாலும் தியூஸும் உயரமும் பருமனும் எனக்கு எதற்கு? மனத்திடத்தைக் கொடுங்கள்.

மூன்று சீட்டையும் தரையில் பரப்பி வைத்தோம். பேத்திதான் முதலில் பார்த்தாள். மூன்று இடத்திலும் தியூஸ் ஒரு பக்கம் நிற்கிறது, மனம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்தச் சொல் உடம்பின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அகராதி இல்லாமலே சொல்லிவிடலாம். ஆனால் வெறும் தசை என்று சொன்னால் போதுமா என்று அவளைக் கேட்டேன்.

ஃபால்ஸ்டாஃப் காட்சியில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிராமத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்க்கிறான். அதில் ஒருவன் பெயரே புல்காஃப், அதாவது காளைக்கன்று. நல்ல வாட்டசாட்டமான ஆள். அவனும் இன்னொருவனும் காசு கொடுத்து விடுதலை வாங்கிக்கொள்கிறார்கள். மெலிந்தவர்களைத்தான் ஃபால்ஸ்டாஃப் எடுக்கிறான். எடுத்துவிட்டுத்தான், உடம்பு எதற்கு, மனம்தானே முக்கியம் என்று அந்தப் பேச்சைப் பேசுகிறான்.

இதைப் படிக்கும்போது எனக்குக் கண்ணபுரம் மாட்டுச்சந்தை நினைவுக்கு வந்தது. சித்திரையில் மாரியம்மன் கோயில் தேருக்குக் கூடும் சந்தை. காங்கேயம் காளைகளை வரிசை வரிசையாகக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். பத்து வயதில் என் அப்பாவோடு போனேன். அவர் ஒரு மயிலைக் காளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். சுழி பார்த்தார். திமிலைத் தட்டினார். அதெல்லாம் எல்லாரும் பார்ப்பதுதான். கடைசியில் திமிலுக்கு முன்னால், நுகத்தடி உட்காரும் இடத்தில், உள்ளங்கையை வைத்து அழுத்தி மெதுவாகத் தடவினார். தோல் தடித்துக் காய்ப்பேறி இருந்தது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். மற்ற இடமெல்லாம் பட்டுப்போல இருக்க, அந்த ஒரு சாண் இடம் மட்டும் பழைய செருப்புத்தோல் மாதிரி இருந்தது. "வண்டிப் பழக்கம் உண்டு, பார்" என்றார். விற்கிறவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டைப் போட்டு, அதற்குள் விரல் பிடித்து விலை பேசி முடித்தார்.

பழக்கம் அந்தத் தோலில் இருந்தது. அதை நான் பேத்திக்குச் சொன்னபோது அவள் காசியஸின் பேச்சை மறுபடி எடுத்துப் பார்த்தாள். தியூஸ் வந்த வரிக்கு அடுத்த சில வரிகளிலேயே, நாம் சுமக்கும் நுகமும் பொறுமையும் நம்மைக் காட்டிக்கொடுக்கின்றன என்று வருகிறது. சீட்டில் எழுதும்போது சொல் வரும் வரியோடு நிறுத்தாமல் முன்னும் பின்னும் நாலு வரி சேர்த்து எழுதுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பின்னோக்கிப் போங்கள்

இப்போது அகராதி. இதில் ஒன்றைத் தெரிந்துகொள்வது அவசியம். சாதாரண மாணவர் அகராதிகள் இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் போடும். வரலாற்று அகராதிகள் பழைய பொருளை முதலில் போட்டு, காலவாரியாக இறங்கிவரும். பேத்திக்கு வந்த குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ஒரு பொருளுக்கு முன்னால் சிறிய குத்துவாள் குறி இருந்தால் அது வழக்கொழிந்த பொருள் என்று அர்த்தம்.

அந்தப் பேரகராதியின் இன்றைய பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். ஆனால் நமக்கு அது தேவையில்லை. முர்ரே காலத்து முதல் பதிப்பின் ஸ்கேன் பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் களஞ்சியத்தில் இருக்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்கு இரண்டு அகராதிகள் இலவசம். 1100 முதல் 1500 வரையுள்ள ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி. அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்துக்குப் பாஸ்வொர்த், டாலர் இருவரும் தொகுத்த அகராதி. 1898இல் அச்சாகி முடிந்தது, இன்று எண்ணியல் வடிவில் கிடைக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் தேடும்போது ஓர் எழுத்து தடுக்கும். தியூவின் முதல் ஒலிக்கு அந்தக் காலத்தில் தனி எழுத்தே இருந்தது. அதன் பெயர் தார்ன், அதாவது முள். நேர்க்கோட்டின் நடுவில் புடைத்த ஒரு வளைவு. பார்க்கவும் வேலமுள் ஒட்டிய குச்சி போலத்தான் இருக்கும். போன் விசைப்பலகையில் அது இருக்காது. யாராவது எழுதிய பக்கத்திலிருந்து அந்த எழுத்தை நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள். எங்களுக்கு முதல் அரை மணி நேரம் ஒன்றுமே அகப்படாமல் போனது இந்த முள்ளால்தான்.

முள்ளைத் தாண்டியதும் வழி திறந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய 'தேயாவ்' என்று ஒலித்திருக்கும். பொருள், ஒரு கூட்டத்தார் கைக்கொள்ளும் வழக்கம், முறை. அதிலிருந்து ஒருவர் நடந்துகொள்ளும் விதம். பழைய ஜெர்மானிய மொழிகளில் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. அங்கேயும் வழக்கம், ஒழுங்கு என்றே பொருள். உடம்பின் வாடையே இல்லை.

எங்களுக்குக் கிடைத்த மிகப் பழைய வாக்கியம் பேயோவுல்ஃப் காவியத்தில் வருகிறது. கிரெண்டல் என்ற அரக்கன் இரவுதோறும் வந்து ஆட்களைக் கொன்றுபோகிறான். பயந்துபோன டேனியர்கள் தங்கள் பழைய தெய்வங்களின் கோயிலில் பலியிட்டு வேண்டிக்கொள்கிறார்கள். கவிஞர் கிறித்தவர், அவர் சொல்கிறார்: அவர்களுடைய தேயாவ் அப்படி, அதுவே அவர்களுடைய நம்பிக்கை. இந்தக் காவியத்துக்கு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. ஏறக்குறைய 1000ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்டது. 1731இல் நடந்த தீ விபத்தில் ஓரங்கள் கருகி, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சீட்டில் ஆண்டு எழுதும்போது இங்கே கவனம் வேண்டும். பிரதியின் வயது வேறு, பாட்டின் வயது வேறு. நம் சங்கப் பாட்டுக்கும் அது எழுதப்பட்ட ஓலைக்கும் உள்ள தூரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சொல்லை மட்டும் பார்க்காமல் அதன் சொந்தபந்தங்களையும் பாருங்கள். இது பலர் விட்டுவிடும் படி. எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த படி. தேயாவுக்கு முன்னால் 'அன்' என்ற எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் தீயொழுக்கம், கெட்ட பழக்கம் என்ற சொல் கிடைக்கிறது. பின்னால் 'உறுதியான' என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்தால் ஒழுக்கத்தில் நிலைத்தவர் என்றாகிறது. ஆக, வழக்கம் என்று மட்டும் சொன்னாலே நல்ல வழக்கம் என்று கொள்ளும் மனப்போக்கு அந்த மக்களிடம் இருந்திருக்கிறது. நமக்கும் அப்படித்தான். ஒழுக்கம் என்றால் ஒழுகும் விதம், அவ்வளவுதான். ஆனால் வள்ளுவர் "ஒழுக்கம் உடைமை குடிமை" என்னும்போது நல்லொழுக்கம் என்று தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை. "இழுக்கம்" என்ற எதிர்ச்சொல்லும் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

அடுத்த சீட்டு ஆங்கிலக் கவிஞர் சாசருடையது. கான்டர்பரி கதைகளில், ஏழை வீட்டுப் பெண் கிரிசெல்டா ஒரு பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். முன்பே குணவதியான அவள், போன இடத்தில் நல்ல தியூஸில் மேலும் சிறந்தாள் என்கிறார் சாசர். இங்கே தியூஸ் முழுக்க முழுக்கக் குணம். 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இருநூறு வருடம் கழித்து ஷேக்ஸ்பியரிடம் வரும்போது அது குணத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. மாற்றம் எங்கே நடந்தது? அகராதிகள் 1560களைக் காட்டுகின்றன. மனிதனுடைய நல்ல தன்மைகள் என்ற பொருள், நல்ல உடற்கட்டு என்னும் தன்மைக்கும் சேர்த்துப் புழங்கத் தொடங்கி, பிறகு அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. கட்டான உடம்பு என்பதிலிருந்து தசை, நரம்பு என்று முழுதாக இறங்கியதற்கு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் பெரிய காரணம். ராப் ராய் நாவலில் ஒரு வழிப்போக்கனின் தியூஸையும் நரம்பையும் பார்த்தால் எந்த ஆபத்துக்கும் அஞ்சாதவன் போலத் தெரிகிறது என்று எழுதினார். அந்த ஜோடிச் சொல் அப்படியே எல்லார் பேனாவிலும் ஒட்டிக்கொண்டது.

ராப் ராய் சீட்டில் 1818 என்று எழுதுங்கள். முகப்பில் அச்சாகியிருப்பது அதுதான். புத்தகம் கைக்கு வந்தது 1817 டிசம்பர் கடைசியில். இரண்டையும் குறித்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

வழுக்கும் இடங்கள்

பக்கத்து எழுத்து உங்களை ஏமாற்றும். பழைய ஆங்கிலத்தில் 'தேயாவ்' என்பதில் நடுவில் ஓர் உயிரெழுத்தை மாற்றினால் 'தேயோவ்'. அதற்கு அடிமை, ஊழியக்காரன் என்று பொருள். வேறு சொல். வழக்குக்கும் வழுக்குக்கும் உள்ள தூரம். அவசரத்தில் பேத்தி இரண்டு சீட்டை இந்த அடுக்கில் சேர்த்துவிட்டாள். வாக்கியத்தின் பொருள் இடித்ததால்தான் கண்டுபிடித்தோம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழன்பு மிகுந்த ஒரு நண்பர் இந்தத் தேடலைக் கேள்விப்பட்டு, தியூஸ் என்பது நம் 'தசை'தான், இங்கிருந்துதான் போயிருக்கிறது என்றார். அவருடைய அன்பை மதிக்கிறேன். ஆனால் அடுக்கிய சீட்டுகள் ஒத்துக்கொள்ளவில்லை. தசை என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு வந்தது கடைசி நானூறு சொச்சம் வருடங்களில். அதற்கு முன் அறுநூறு வருடத்துக்கு மேல் அது வழக்கமாகவும் குணமாகவும் மட்டுமே இருந்திருக்கிறது. பிறக்கும்போது இல்லாத பொருளை வைத்துப் பிறப்பைத் தீர்மானிக்க முடியாது. இரண்டு மொழிச் சொற்கள் ஒலியில் ஒத்துப்போனால் முதலில் பொருளின் வயதைப் பாருங்கள். தமிழின் பெருமைக்கு உண்மையான சான்றுகள் ஏராளமாக இருக்கின்றன. பொய்ச் சான்று அவற்றையும் சந்தேகப்பட வைத்துவிடும்.

இடத்தைப் பிடித்தது யார் என்று பாருங்கள்

ஒரு சொல் வழக்கொழிந்தால் அதன் இருக்கையில் வேறொரு சொல் உட்கார்ந்திருக்கும். அதையும் தேடினால்தான் கதை முழுமையாகும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. அதோடு வந்ததுதான் 'கஸ்டம்'. லத்தீனில் பழக்கம் என்ற பொருளுள்ள 'கான்சுவேட்டூடோ'வின் பேரப்பிள்ளை. வழக்கம் என்ற இடத்தை அது எடுத்துக்கொண்டது. பொது வழக்கம் என்ற பெரிய வீட்டை இழந்த தியூ, தனி மனிதரின் குணம் என்ற சின்ன அறைக்குள் ஒதுங்கியது. பிறகு அங்கிருந்து உடம்புக்குள் போய்விட்டது.

கஸ்டம் நன்றாகக் குடும்பம் பெருக்கியது. வழக்கமாகச் செலுத்தும் வரி 'கஸ்டம்ஸ்' ஆனது. வழக்கமாகக் கடைக்கு வருகிறவர் 'கஸ்டமர்' ஆனார். இடைக்காலத்தில் அதே சொல்லுக்குச் சுங்கம் வசூலிப்பவர் என்ற பொருளும் இருந்தது. உடுத்தும் வழக்கம் 'காஸ்ட்யூம்' என்று வேறு பாதையில், 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. என் மருமகன் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறார். தூத்துக்குடிக்கு அனுப்பிய சரக்கு கஸ்டம்ஸில் நிற்கிறது என்று வாரம் ஒரு முறையாவது சொல்வார். அது 'வழக்கம்' என்ற சொல்தான் என்று மகள் எடுத்துச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இங்கே ஒன்று கிடைத்தது. மூன்று நாளில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது அதுதான். நல்ல தியூஸ் என்று பாடிய அதே சாசர், 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் ஏற்றுமதிக்குச் சுங்கக் கணக்கு பார்க்கும் அதிகாரியாக இருந்தார். கணக்கைத் தன் கைப்பட எழுத வேண்டும் என்பது நியமன உத்தரவு. பகலில் கஸ்டம்ஸ் கணக்கு எழுதிய கையே, பிந்தைய வருடங்களில் கிரிசெல்டாவின் தியூஸை எழுதியது. போகிற சொல்லும் வருகிற சொல்லும் ஒரே மனிதருக்குச் சோறு போட்டிருக்கின்றன.

தமிழில் இந்தக் கிளைகள் தனித்தனிச் சொற்களாகப் பிரிந்து நிற்கின்றன. வாடிக்கை என்றால் வழக்கம், வாடிக்கையாளர் கஸ்டமர். மாமூல் அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். வழக்கமானது என்பதே பொருள். இப்போது மாமூல் என்றால் எந்தக் காசு என்று எல்லாருக்கும் தெரியும். வழக்கு இன்னும் தூரம் நடந்திருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார் "வழக்கும் செய்யுளும்" என்று மக்கள் பேச்சைச் சொன்னார். அதே சொல் இன்று கோர்ட்டில் நம்பர் போட்டுத் தொங்குகிறது.

உங்கள் வீட்டுச் சொல்லை எடுங்கள்

மூன்றாம் நாள் பேத்தியிடம், ஆங்கிலத்தில் செய்ததைத் தமிழில் செய் என்றேன். அவள் தேர்ந்தெடுத்தது 'சீர்'. நம் பக்கத்துக் கல்யாணத்தில் இந்தச் சொல் இல்லாமல் ஒன்றும் நகராது. இணைச்சீர், எழுதிங்கள் சீர் என்ற சடங்குகள், சீர்வரிசை.

தமிழுக்கு முதல் ஆதாரம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பொருளுக்குப் பக்கத்திலேயே பழைய நூலின் வரியைச் சுருக்கக் குறிப்போடு கொடுத்திருப்பார்கள். அந்த வரிகளே உங்கள் சீட்டுகள். ஒரு குறை: நம் அகராதிகளில் ஆண்டுவாரி வரிசை கிடைக்காது. நூலின் காலத்தை நீங்களே பார்த்து அடுக்க வேண்டும்.

ஆனால் வட்டாரச் சொல்லுக்கு அகராதி பாதி வழிதான் வரும். மீதிக்கு ஆட்களிடம் போக வேண்டும். போனால், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பெரியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தயங்குவார்கள், அல்லது உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். கல்யாணத்தில் என்னென்ன நடக்கும் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சொல் தானாக வாயில் வரும். வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். சொன்னவர் ஊர், வயது, தேதி மூன்றையும் சீட்டில் குறியுங்கள். பெயர் எழுத அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எண்பதைத் தாண்டிய ஓர் அருமைக்காரர் இருக்கிறார். கல்யாணங்களில் சடங்கு செய்துவைக்கும் உரிமை பெற்ற பெரியவர். தேங்காய்க் களத்து ஓரமாகக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசினார். அதில் 'சீர் செய்வது' என்றபோதெல்லாம் அவர் சடங்கைச் சொன்னார். அவர் வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என் கல்யாணத்துக்கு எங்கள் அய்யன் ரெண்டு வண்டி சீர் அனுப்பினார்" என்றார். அது அண்டாவும் குத்துவிளக்கும். ஒரே வீட்டில், ஒரே பேச்சில், ஒருவருக்குச் சீர் செய்வது, இன்னொருவருக்குச் சீர் கொடுப்பது. பேத்தி இரண்டையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது, தியூ உடம்புக்குள் போனதுபோலச் சீர் பாத்திரத்துக்குள் போய்விட்டதா அப்புச்சி என்று கேட்டாள். சீட்டு அதிகமானால்தான் சொல்ல முடியும் என்றேன். அப்படியே என் மனத்தில் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த குறளைச் சொன்னேன்.

"அன்போடு இயைந்த வழக்கென்ப ஆருயிர்க்கு
என்போடு இயைந்த தொடர்பு."

உயிர் எலும்போடு சேர்ந்திருப்பதே அன்போடு பொருந்தி வாழத்தான் என்கிறார். பரிமேலழகர் இந்த வழக்கை நெறி என்று கொள்கிறார். வழக்கும் என்பும் ஈரடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இத்தனை வருடமாக இந்தக் குறளை ஒப்பித்திருக்கிறேன்; சீட்டு எழுதப் பழகிய பிறகுதான் இந்த இரண்டு சொற்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

அவள் பஸ் ஏறுவதற்குள் 'வழக்கு' என்று தலைப்பிட்டு ஒரு புதுச் சீட்டை எடுத்து, குறள் 73 என்று எழுதி, பொருள் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.